பம்பு கம்பெனி வெப்சைட்: முழுசாக மாற்றுவதா, வேண்டியதை மட்டும் தொடுவதா?

கேள்வி, 14 மே 2024

கோவையில் சப்மெர்சிபிள் பம்பு, மோனோபிளாக் இரண்டும் செய்கிறோம். அப்பா ஆரம்பித்த கம்பெனி. வெப்சைட் 2012-இல் போட்டது, அதற்கப்புறம் யாரும் கை வைக்கவில்லை. செல்போனில் திறந்தால் விரலால் இழுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது. ஒரு ஏஜென்சி வந்து, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வோம், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறது. அப்பா, போன் நம்பர் சரியாக இருந்தால் போதும் என்கிறார். எவ்வளவு தூரம் மாற்றுவது சரி? இதே தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

14 மே, இரவு

அப்பா சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று யாராவது கூப்பிட்டுப் பார்த்தீர்களா? நானும் பம்பு கம்பெனிக்காரன்தான், பீளமேடு பக்கம். எங்களுடையதோடு சேர்த்து சொந்தக்காரர்கள் சிலருடைய சைட்டையும் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊரில் பழைய சைட் எதைத் திறந்தாலும் முதலில் கீழ்க்கோடியைப் பாருங்கள். ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரிப் பதிவு எண்களான டின் நம்பர், சிஎஸ்டி நம்பர் இன்னும் அப்படியே கிடக்கும். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. புது டீலர் ஒருவர் உங்களைச் சரிபார்க்க ஜிஎஸ்டி நம்பரைத்தான் தேடுவார். அங்கே செத்துப்போன டின் நம்பர் நின்றால் கம்பெனி ஓடுகிறதா, மூடிவிட்டார்களா என்ற சந்தேகம் வராதா?

விலைப்பட்டியலையும் பாருங்கள். பம்புக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2022 ஜூலை 18-இல். பழைய பிடிஎஃப்பில் 12 என்று இருந்தால் கோடு போட்டு வாதாட ஆள் வரும். எனக்கு வந்தார்கள்.

இதெல்லாம் அரை நாள் வேலை. ஒன்றரை லட்சத்தை அப்புறம் பேசலாம்.

15 மே

காலையில் யோசித்தபோது தோன்றியது: நேற்று சொன்னதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பேரில் இருக்கிறது?

சிரிக்காதீர்கள். 2012-இல் சைட் செய்துகொடுத்த பையன் தன் ஜிமெயிலில், தன் பேரில் பதிவு செய்திருப்பான். வருஷா வருஷம் அவனே பணம் கட்டி உங்களிடம் பில் அனுப்பியிருப்பான். இப்போது அவன் பெங்களூரில் வேறு வேலையில் இருப்பான், நம்பரும் மாறியிருக்கும். எங்கள் மாமா கம்பெனிக்கு இதுவே நடந்தது. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். சைட் போனதைவிட மெயில் போனதுதான் பெரிய அடி. பழைய ஆர்டர், டெண்டர் கடிதம் எல்லாம் அந்த டொமைன் மெயிலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

எவ்வளவு மாற்றலாம் என்பதைப் பிறகு பேசுவோம். மாற்றும் உரிமை உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டொமைன், ஹோஸ்டிங் (சைட் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடம்) இரண்டுக்கும் லாகின், உங்கள் கம்பெனி கையில் இருக்கும் ஒரு மெயிலில். அதிலும் அந்த டொமைனிலேயே இருக்கும் மெயில் வேண்டாம். டொமைன் முடங்கினால் பாஸ்வேர்டு மாற்றும் கடிதமும் சேர்ந்து முடங்கும்.

19 மே

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: டொமைன் அப்பா பேரில்தானாம். நல்லது, பாதிப் பேரைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

இப்போது நிஜமான வேலை. ஏஜென்சி உங்கள் முகப்புப் பக்கத்தைக் காட்டி, இது பழைய காலத்து டிசைன் என்று சொல்லியிருக்கும். உண்மைதான். ஆனால் முகப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? கூகுள் சர்ச் கன்சோலில் சைட்டை இணைத்துவிடுங்கள், காசு கிடையாது. இணைத்த நாளிலிருந்துதான் கணக்கு சேர ஆரம்பிக்கும், அதனால் இன்றைக்கே செய்யுங்கள். 16 மாதக் கணக்குவரை வைத்திருக்கும். எந்தச் சொல்லைத் தேடி, எந்தப் பக்கத்துக்கு வந்தார்கள் என்று வரிசையாகக் காட்டும்.

எங்கள் கணக்கைத் திறந்தபோது நான் எதிர்பார்த்தது முகப்பு, அப்புறம் 'எங்களைப் பற்றி', அதில் தாத்தா மாலையோடு இருக்கும் படம். வந்தது என்ன தெரியுமா? நிறுத்திப் பல வருஷமான ஒரு 5 எச்பி சப்மெர்சிபிள் மாடலின் பிடிஎஃப். ஒரே ஒரு பக்கம். மேலே மாடல் நம்பர், கீழே ஸ்டேஜ் எண்ணிக்கை, ஹெட் (தண்ணீர் ஏறும் உயரம்), டிஸ்சார்ஜ் (கொட்டும் அளவு) அட்டவணை, ஓரத்தில் சப்மெர்சிபிள் பம்புக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 8034 முத்திரை. பழைய ஸ்கேன், கொஞ்சம் சாய்வாக வேறு இருக்கும். சைட்டில் எந்த மெனுவிலிருந்தும் அதற்கு வழி கிடையாது. தேடி வந்தவர்கள் அடித்த வார்த்தை மாடல் நம்பர், அவ்வளவுதான்.

யார் அவர்கள்? மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்கள், மெக்கானிக்குகள். போர்வெல்லிலிருந்து மோட்டாரை ஏற்றி, மண்ணைத் துடைத்து, நேம்பிளேட்டில் உள்ள நம்பரை செல்போனில் அடிக்கிறார்கள். எத்தனை ஸ்டேஜ், எந்த பவுல், எந்த இம்பெல்லர் என்று பார்த்து ஸ்பேர் சொல்வதற்கு. வாங்குகிறவருக்கு, இதையே போடு, அல்லது இதை மாற்று என்று சொல்வதும் அவர்கள்தான். எங்கள் வியாபாரத்தை நடத்துகிறவர்கள் வந்து போகும் வாசல் அந்தச் சாய்ந்த ஸ்கேன்.

ஏஜென்சியிடம் எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்றால் முதலில் போவது அதுதான். பழைய மாடல், எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும்.

19 மே, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை முழுசாக மாற்றவே வேண்டாம் என்று படிக்க வேண்டாம். எது இருக்க வேண்டும் என்று பட்டியல் போடாமல் தொடாதீர்கள் என்கிறேன். தாத்தா படம் இருக்கலாம், அவர் ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை.

26 மே

கரூர்க்காரர் ஒருவர், எங்களுடையது படுக்கை விரிப்பு ஏற்றுமதி, வெளிநாட்டு பையர் சைட்டின் தோற்றத்தைப் பார்த்துத்தான் மதிப்பிடுவார், நீங்கள் சொல்வது பம்புக்கு மட்டும் பொருந்தும் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பையர் துணியைத் தொட முடியாது, படத்தில்தான் பார்க்கிறார். படம் மங்கலாக இருந்தால் துணியே மங்கல்தான். அங்கே பணத்தைப் போட்டோகிராஃபருக்குக் கொடுங்கள் என்பேன், டிசைனருக்கு அல்ல. அது தனி விவாதம். தனி இழை திறந்தால் வந்து சண்டை போடுகிறேன்.

8 ஜூன்

எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரு செய்தி சுற்றுகிறது: ஜூலை 5-க்கு மேல் மொபைலுக்கு ஏற்றதாக இல்லாத சைட்டுகளைக் கூகுள் தூக்கிவிடும், உடனே எங்களிடம் வாருங்கள். கேட்டவருக்கும் அதே ஏஜென்சி அனுப்பியிருக்கிறதாம். கூட ஒரு கைகூப்பு.

கூகுள் சொன்னது வேறு. 2024 ஜூலை 5-க்குப் பிறகு மிச்சமிருக்கும் சைட்டுகளையும் மொபைல் வழியாக மட்டுமே வந்து படிக்கும். மொபைலில் திறக்கவே திறக்காத சைட்தான் பட்டியலிலிருந்து விழும். எழுத்து சின்னதாகத் தெரிகிறது, இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக யாரையும் தூக்கப் போவதில்லை. இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. 2016-இலேயே அறிவித்து, 2018-இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறார்கள். கடைசி மூட்டையை இப்போது ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனாலும் மொபைலைச் சரிசெய்யத்தான் வேண்டும். கூகுளுக்காக அல்ல. கிணற்று மேட்டில் வெயிலில் நின்றுகொண்டு ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் போனுமாக இருப்பவருக்காக. அவருக்கு வேண்டியது அட்டவணையும், தொட்டால் டயல் ஆகும் நம்பரும். முகப்பில் ஓடும் படவரிசை அவருக்கு டேட்டா செலவு.

பழைய சைட் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவரை விட்டுப் பாருங்கள். பக்கம் முழுக்க டேபிளுக்குள் டேபிளாக அடுக்கியிருந்தால் ஒட்டுப்போட்டு மாளாது. பக்கத்தின் வார்ப்புருவை (டெம்ப்ளேட்) மட்டும் புதிதாக எழுதி, உள்ளடக்கத்தை அப்படியே அதில் ஊற்றலாம். நடுவழி ஒன்று இருக்கிறது என்பதை ஏஜென்சிகள் சொல்ல மாட்டார்கள். நடுவழிக்கு விலைப்பட்டியல் இல்லை.

9 ஜூன்

சைட் முகவரிக்குப் பக்கத்தில் பச்சைப் பூட்டு இல்லை என்கிறாரே ஒருவர், அதற்கு: குரோம் 2018 ஜூலையிலிருந்து எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) இல்லாத எல்லா சைட்டிலும் 'பாதுகாப்பற்றது' என்று எழுதுகிறது. அதற்கு வேண்டிய லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பொத்தான். காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்கிறதா என்று மட்டும் பாருங்கள். இதற்குத் தனியாக ஐயாயிரம் கேட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

17 ஜூன்

பெரிய கம்பெனிகள் முழுசாகத்தானே மாற்றுகின்றன என்று கேட்டிருந்தார்கள். மாற்றுகின்றன. பிரிட்டனில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் அதுவரை அமேசான் தளத்தில் ஓடிய ஆன்லைன் கடையை விட்டுவிட்டு, 15 கோடி பவுண்டு செலவில் சொந்தமாகக் கட்டி 2014 பிப்ரவரியில் திறந்தது. பழைய வாடிக்கையாளர் எல்லாரும் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அடுத்து வந்த காலாண்டுக் கணக்கில் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் விழுந்தது. பிறகு மீண்டார்கள், அது வேறு. மீளும்வரை தாங்கப் பணம் இருந்தது.

இன்னொரு பக்கம் பெர்க்ஷைர் ஹாத்வே, அமெரிக்காவில் வாரன் பஃபெட் வளர்த்த முதலீட்டுக் கம்பெனி. அந்தச் சைட்டைத் திறந்து பாருங்கள்: வெள்ளைப் பக்கம், சில இணைப்புகள், முடிந்தது. வாரன் பஃபெட்டிடம் யாரும் போய் இது பழைய டிசைன் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

நம் ஏஜென்சிக்காரர்களை அனுப்பிப் பார்க்கலாம், கைகூப்போடு.

2 ஜூலை

சைட்டில் ஒரு தமிழ்ப் பக்கம் இருக்கிறது, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாக வருகிறது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பக்கம் அது. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கூகுளுக்கு அது தமிழே இல்லை, எந்தத் தேடலிலும் வராது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டால் யூனிகோடாகிவிடும். ஒற்றெழுத்தும் கொம்பும் அங்கங்கே இடம் மாறும், ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும்.

டிடிபி சென்டரில் செய்த கேட்லாக் பிடிஎஃப்பிலும் இதே கதைதான். பார்க்கத் தமிழாக இருக்கும். ஒரு வரியை காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், தெரியும்.

தமிழ்ப் பக்கத்தைத் தொடும்போது இன்னொன்றும் செய்யுங்கள். நம் அட்டவணை எல்லாம் மீட்டரிலும் எல்பிஎம்மிலும் (நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்) இருக்கும். ஆனால் பல்லடத்திலிருந்து கூப்பிடுகிறவர், எண்ணூறு அடி போர், ரெண்டு இஞ்ச் தண்ணி என்றுதான் சொல்வார். எண்ணூறு அடி என்றால் 244 மீட்டர். அவர் ஏன் 3.28 ஆல் வகுக்க வேண்டும்? ஹெட் பத்திக்குப் பக்கத்தில் அடி என்று ஒரு பத்தி சேர்த்தோம். எச்பிக்குப் பக்கத்தில் கிலோவாட்டும் போட்டோம், 5 எச்பி என்றால் 3.7. டிசைனில் ஒரு மாற்றமும் இல்லை. கணக்குக் கேட்டு வரும் போன் குறைந்தது, ஆர்டர் பேச வரும் போன் நின்றது.

நின்றது என்றால் ஓய்ந்துபோனது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நிலைத்து நின்றது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே பகீரென்றது.

தண்ணீரை இஞ்சில் போட நாங்கள் துணியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்த இஞ்ச் ஒவ்வொரு அளவு.

21 ஜூலை

கோவை கொடிசியா தொழில் கண்காட்சி அலைச்சல், அதனால் இந்தப் பக்கம் வரவில்லை. அங்கே ஸ்டாலில் விசிட்டிங் கார்டு கேட்டவர்களைவிட, வாட்ஸப்பில் கேட்லாக் அனுப்புங்கள் என்றவர்கள்தான் அதிகம். சைட்டைத் திறக்கவே வேண்டாமா என்று தோன்றியது. ஆனால் அனுப்புவது ஒரு இணைப்பு என்றால் அது போய் நிற்பதும் சைட்டில்தான். பிடிஎஃப்பாக அனுப்பினால் விலை மாறிய பிறகும் பழையது ஊர் சுற்றும். இணைப்பாக அனுப்புங்கள்.

இனி முக்கியமான விஷயம். கேட்டவருக்கு ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து மெயில்: பிஎச்பி 5.6-ஐ (சைட்டை ஓட்டும் நிரல்மொழியின் பழைய பதிப்பு) நிறுத்துகிறோம், மேம்படுத்துங்கள். இது ஆட்டத்தை மாற்றுகிறது. 2012-இல் எழுதிய நிரல் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்திய பழைய கட்டளைகளை பிஎச்பி 7-இலேயே எடுத்துவிட்டார்கள். பதிப்பை ஏற்றினால் புராடக்ட் பக்கங்கள் வெள்ளையாக நிற்கும். 5.6-க்கு ஆதரவு 2018 டிசம்பரோடு முடிந்தது. அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. இத்தனை நாள் ஓடவிட்டதே அந்த ஹோஸ்டிங்கின் பெருந்தன்மை.

ஆக, மே மாதம் சொன்னதில் பாதியை மாற்றிச் சொல்கிறேன்: உள்ளே முழுசாக எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் உள்ளே எழுதுவதற்கும் வெளியே இடிப்பதற்கும் சம்பந்தமில்லை. நாற்பது மாடல் சொச்சம், வருஷத்துக்கு இரண்டு மூன்று மாறும். இதற்கு டேட்டாபேஸ் எதற்கு? சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகவே வைத்துவிடலாம், அடுத்த பதிப்பு மாற்றத்தில் உடைவதற்கு ஒன்றும் இருக்காது. உங்களிடமே ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் என்ற சைட் மென்பொருள். ஆனால் அதை மாதாமாதம் புதுப்பிக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத வேர்ட்பிரஸ் பற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

11 ஆகஸ்ட்

ஆள் இல்லாத வேர்ட்பிரஸ் கதை. சொந்தக்காரர் ஒருவர் கம்பெனி பெயரைக் கூகுளில் தேடினால் முடிவுகளில் ஜப்பானிய எழுத்து. திறந்தால் சாதாரண பம்பு சைட். தேடல் முடிவில் மட்டும் ஏதோ கைப்பை, ஷூ விற்கும் பக்கங்கள், எண்ணிக்கையே இல்லாமல். பழைய பிளகின் (வேர்ட்பிரஸ்ஸோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்றின் ஓட்டை வழியாக யாரோ புகுந்து, கூகுள் வந்தால் ஒரு முகம், மனிதர் வந்தால் ஒரு முகம் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரறிந்த வகைத் திருட்டுதான் இது, கூகுளே இதற்குத் தனி உதவிப் பக்கம் வைத்திருக்கிறது. அவருக்கு ஜப்பானிலிருந்து ஆர்டர் வரும் என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தார்.

சுத்தம் செய்து பார்த்தோம், இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத வீட்டில் வெள்ளையடித்துப் பயனில்லை. அங்கே நான் யோசிக்கவே இல்லை: படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் கையால் எடுத்துக்கொண்டு, மற்றதை மொத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டோம். முழு மாற்றம் சரியான விடையாக இருந்த இடம் அது. டிசைன் பழசு என்பது அங்கே யாருக்கும் பிரச்சினையாகவே இல்லை.

கேட்டவரே, உங்கள் சைட் பெயரையும் ஒருமுறை அப்படித் தேடிப் பாருங்கள்.

30 ஆகஸ்ட்

தேடிப் பார்த்தாராம், சுத்தமாக இருக்கிறது. ஏஜென்சியிடம் திரும்பப் போய், பக்கங்களின் முகவரி ஒன்றுகூட மாறக்கூடாது, பழைய பிடிஎஃப் எல்லாம் அதே பெயரில் இருக்க வேண்டும், மொபைல் வார்ப்புரு மட்டும் புதிது என்றிருக்கிறார். ஒன்றரை லட்சம் நாற்பத்தைந்தாயிரமாக இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு அதுவும் அதிகமாகத் தெரிகிறதாம். அப்பாக்களுக்கு அப்படித்தான்.

ஒப்பந்தத்தில் இதையும் எழுதி வாங்குங்கள்: முடிந்ததும் எல்லாக் கோப்பும் உங்கள் கைக்கு வர வேண்டும். புது சைட்டை மறைத்துவைத்துச் சோதிக்கும்போது கூகுளைத் தடுக்கும் வரி ஒன்று போடுவார்கள், திறக்கும் நாளில் அதை எடுக்க வேண்டும். எடுக்க மறந்து மாதக்கணக்கில் தேடலில் காணாமல் போன கம்பெனியை எனக்குத் தெரியும். அவர்கள் காரணம் தேடியது சந்தை மந்தத்தில்.

6 அக்டோபர்

சில முகவரிகள் பிஎச்பி என்று முடிவதால் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்று கேள்வி. மாற்றலாம், 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடல் போட்டு. பழைய முகவரிக்கு வருகிறவரை அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். மாடல் நம்பர் தேடி வந்தவர் முகப்பில் போய் நின்று என்ன செய்வார்? குறைந்தது ஒரு வருஷமாவது அதை எடுக்காதீர்கள் என்பது கூகுளின் ஆலோசனை. நான் எடுப்பதே இல்லை. உங்கள் டீலர் அடித்த பழைய நோட்டீஸில் அந்த முகவரி இன்னும் இருக்கும்.

பிடிஎஃப் பெயர்களில் இடைவெளி இருந்தால் அதையும் அழகுபடுத்தப் பார்ப்பார்கள். விடாதீர்கள். திறப்பதற்கு முன் சர்ச் கன்சோலிலிருந்து பக்கங்களின் பட்டியலை எக்செல்லில் இறக்கி, அதிகம் பேர் வந்தவற்றை ஒவ்வொன்றாக செல்போனில் தட்டிப் பாருங்கள், அட்டவணை கடைசிப் பத்திவரை தெரிகிறதா என்று. ஏஜென்சி பையனைச் செய்யச் சொல்லாதீர்கள், உங்கள் சர்வீஸ் மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள்.